விளக்கை அணைத்தால் என்ன பாதுகாப்பு? நகரத்தின் மேல் குண்டு விழும் போர்களைப் பற்றி ஒரு எளிய விளக்கம்

2025 மே 7-ஆம் தேதி மாலை தெற்கு மும்பையின் கிராஸ் மைதானத்தில் அபாயச் சங்கு (சைரன்) ஒலித்தது. காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்வது போல ஒத்திகை நடந்தது. இரவு 8 மணிக்கு அணுசக்தி நகர் குடியிருப்பில் விளக்குகளை அணைத்தார்கள். பாகிஸ்தானோடு மோதல் மூண்ட அந்த நாட்களில் நாடு முழுக்க 244 மாவட்டங்களில் நடத்தச் சொன்ன குடிமைப் பாதுகாப்பு ஒத்திகையின் மும்பைப் பங்கு அது. பக்கத்தில் செம்பூரில் இருக்கிற எங்களுக்கு அன்று வாட்ஸ்அப் முழுக்க இதே பேச்சுதான். எங்கள் கட்டடத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் லிஃப்ட் அருகே நிறுத்தியே கேட்டான்: "அங்கிள், ஜிபிஎஸ் வச்சு மிசைல் விடுற காலத்துல லைட்ட அணைச்சு என்ன ஆகப்போகுது?"

நல்ல கேள்வி. ஒரே வரியில் பதில் சொன்னால் பாதிதான் சரியாக இருக்கும். நகரத்தின் மேல் ஏன் குண்டு போடுகிறார்கள், போட்டால் தரையில் என்ன நடக்கிறது, கீழே இருப்பவர்கள் என்ன செய்ய முடியும், இந்த மூன்றும் தெரிந்தால்தான் விளக்கு விஷயம் பிடிபடும். போர் வரலாறு எதுவும் தெரியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நகரம் எப்படி இலக்கானது

விமானம் வருவதற்கு முன்பு, எதிரிப் படை ஊர் வாசலுக்கு வந்தால்தான் ஊருக்கு ஆபத்து. கடற்கரை ஊர்களுக்குக் கப்பல் வழியாகவும் ஆபத்து உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது நம் எல்லோருக்கும் கதையாகவாவது தெரியும். கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில் இருப்பவர்கள் அதற்கெல்லாம் எட்டாத தூரத்தில் இருந்தார்கள்.

குண்டுவீச்சு விமானம் அந்தத் தூரத்தை இல்லாமல் ஆக்கியது. எல்லையில் நிற்கும் படையோடு மோதாமலே அதன் தலைக்கு மேல் பறந்துபோய், அந்தப் படைக்குத் துப்பாக்கி செய்கிற தொழிற்சாலையை, தானியம் இறக்குகிற துறைமுகத்தை, ரயில் சந்திப்பை அடிக்க முடிந்தது. முதல் உலகப் போர் முடிந்த பிறகு இத்தாலியைச் சேர்ந்த ஜூலியோ டூஹே போன்ற ராணுவச் சிந்தனையாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். பொதுமக்களையே நேரடியாக அடித்தால் அவர்கள் மனம் உடைந்து, தங்கள் அரசாங்கத்தைச் சரணடையச் சொல்லி நெருக்குவார்கள், போர் சீக்கிரம் முடிந்துவிடும் என்பது அவர்கள் வாதம். எவ்வளவு தடுத்தாலும் குண்டுவீச்சு விமானம் உள்ளே வந்தே தீரும் என்று 1932-இல் முன்னாள் பிரதமர் ஸ்டான்லி பால்ட்வின் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சொன்னார். 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினில் கெர்னிகா என்ற சிறு நகரத்தின் மேல் ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கின. 1939-இல் வார்சா, 1940-இல் ராட்டர்டாம், பிறகு லண்டன்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: குறி தவறுவது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது எல்லா விமானப் படைகளும் தொழிற்சாலையை மட்டும் அடிப்போம், துறைமுகத்தை மட்டும் அடிப்போம் என்றுதான் பேசின. இரவில், மேகத்துக்கு மேலே, கீழிருந்து சுடும் பீரங்கிகளுக்கு நடுவில், ஒரு தொழிற்சாலையைக் கண்டுபிடிப்பது அப்போது நடக்காத காரியம். 1941 ஆகஸ்டில் பிரிட்டன் தன் விமானங்கள் எடுத்த புகைப்படங்களைச் சோதித்துப் பார்த்தது. இலக்கை அடித்துவிட்டோம் என்று திரும்பி வந்து சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து 5 மைலுக்குள், அதாவது 8 கிலோமீட்டருக்குள் போயிருந்தது. இதை மும்பை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். வி.டி. ஸ்டேஷனைக் குறிவைத்துப் போட்ட குண்டு பரேலில் விழுந்தால்கூட அந்த விமானி நெருங்கி வந்தவர் பட்டியலில் சேர்ந்துவிடுவார். மற்ற இரண்டு பங்கு அதற்கும் அப்பால்.

குறி பார்த்து அடிக்க முடியாது என்று தெரிந்ததும் இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, நிறுத்திவிடலாம். இன்னொன்று, தவறவே முடியாத அளவுக்குப் பெரிய இலக்கை எடுத்துக்கொள்ளலாம். தவறவே முடியாத இலக்கு என்றால் நகரம்தான். 1942 பிப்ரவரியில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைக்கு வந்த உத்தரவு ஜெர்மன் நகரங்களையும் அங்கே தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களின் மனவுறுதியையும் குறிவைக்கச் சொன்னது. நகரங்களை அழித்ததற்கு வெறியும் பழிவாங்கலும் மட்டும் காரணம் என்று நினைப்பது எளிது. அதைவிட என்னைப் பயமுறுத்துவது இந்த அலுவலகக் கணக்குதான். புள்ளிவிவரத்தைப் பார்த்து, யோசித்து, கையெழுத்துப் போட்டு எடுத்த முடிவு அது.

குண்டில் இரண்டு வகை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெடிகுண்டு சுவரை உடைக்கும், கூரையைத் தூக்கும், ஜன்னலை நொறுக்கும், தெருவைக் குழியாக்கித் தண்ணீர்க் குழாயை அறுக்கும். தீக்குண்டு சிறியது, ஆயிரக்கணக்கில் கொட்டுவார்கள். கூரை திறந்த வீட்டுக்குள் அது விழும்போது, அணைக்கத் தண்ணீர் வராது, தீயணைப்பு வண்டி வரத் தெரு இருக்காது. பல இடங்களில் பற்றிய தீ ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் மேலே எழும் சூட்டுக்காற்று சுற்றிலும் உள்ள காற்றை உள்ளே இழுக்கும். விறகடுப்பில் ஊதுகுழல் வைத்த மாதிரி தீ தன்னைத் தானே ஊதிக்கொள்ளும். 1943 ஜூலை 27 இரவு ஹாம்பர்க்கில் இப்படித்தான் நடந்தது. அந்த வாரத் தாக்குதல்களில் அங்கே 35,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் பதுங்கிய நிலவறைக்குள்ளேயே, மூச்சுவிடக் காற்றில்லாமல் இறந்தார்கள். 1945 மார்ச் 9 இரவு, பெரும்பாலும் மரவீடுகளாக இருந்த டோக்கியோவின் கிழக்குப் பகுதியில் அமெரிக்க பி-29 விமானங்கள் தீக்குண்டுகளைக் கொட்டின. ஒரே இரவில் சுமார் 1 லட்சம் பேர். அணுகுண்டு விழுவதற்கு ஐந்து மாதம் முன்பு நடந்தது இது.

இருட்டு எதற்கு

சரி, விளக்கு விஷயத்துக்கு வருவோம்.

1940-களில் விமானி வழி கண்டுபிடித்தது பெரும்பாலும் திசைகாட்டி, கடிகாரம், வரைபடம், கண் இவற்றை வைத்துத்தான். பல மணி நேரம் இருட்டில் பறந்து வருபவருக்கு, தான் கணக்குப் போட்ட இடத்தில்தான் இருக்கிறோமா என்று உறுதி செய்ய ஒரு அடையாளம் வேண்டும். வீட்டு விளக்கு ஒன்றிரண்டு தெரிவது அவருக்கு உதவாது. விளக்குகளின் ஒழுங்குதான் காட்டிக்கொடுக்கும். மரைன் டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அரைவட்ட விளக்கு வரிசையை மேலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டால், ஒரு முனையில் மலபார் ஹில், மறுமுனையில் நரிமன் பாயின்ட், அதற்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் கப்பல் துறை என்று விமானிக்கு எல்லாம் இடம் கிடைத்துவிடும். வரிசையை அணைத்துவிட்டால் கீழே ஒரு கரும்பரப்புதான். ஆகவே தெருவிளக்கு, கடைப் பலகை, ரயில் நிலையம், வண்டி முகப்பு விளக்கு என்று பொது விளக்குகளை அணைப்பதும் மறைப்பதும் முதல் வேலை; வீட்டு ஜன்னல் அதற்கு அடுத்து.

இது முழுப் பாதுகாப்பு தராது என்பது அப்போதே தெரியும். நிலா வெளிச்சத்தில் கடற்கரையும் ஆறும் வெள்ளிக் கோடாகத் தெரியும். அதை யாராலும் அணைக்க முடியாது. 1940 நவம்பர் 14 அன்று ஜெர்மன் விமானங்கள் வழிகாட்டும் வானொலி அலைக்கற்றையைப் பிடித்துக்கொண்டே பிரிட்டனின் கோவென்ட்ரி நகரத்துக்கு வந்து சேர்ந்தன. அன்று நல்ல நிலவும் இருந்தது. ஜிபிஎஸ் இருக்கும்போது இருட்டு எதற்கு என்ற கேள்விக்கு 85 வயது ஆகிவிட்டது என்று அந்தப் பையனிடம் சொன்னேன்.

இருட்டுக்கு விலையும் உண்டு. பிரிட்டனில் 1939 செப்டம்பர் 1 அன்று விளக்குகளை அணைக்கும் உத்தரவு வந்தது. ஒரு குண்டு விழுவதற்கு முன்பே, அந்த மாதத்தில் சாலை விபத்தில் இறந்தவர்கள் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய இரட்டிப்பானது. அப்புறம்தான் நடைபாதை ஓரத்துக்கும் மரங்களுக்கும் வெள்ளை வண்ணம் அடித்தார்கள், வேகத்தைக் குறைத்தார்கள். மும்பையில் இன்று நினைத்துப் பார்த்தால் ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் திடீரென்று விளக்குகளை அணைத்தால் என்ன ஆகும்? இருட்டைத் திட்டமிட்டுக் கொண்டுவர வேண்டும். ஒத்திகை என்ற ஒன்று தேவைப்படுவதற்கு இது ஒரு காரணம்.

மும்பைக்கு இருட்டு புதிதல்ல. 1971 டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் அமிர்தசரஸ், பதான்கோட், ஸ்ரீநகர் முதல் ஆக்ரா வரை பல விமானத் தளங்களைத் தாக்கின. மறுநாள் இரவு இந்தியக் கடற்படையின் ஏவுகணைப் படகுகள் கராச்சியை அடித்தன. கராச்சி இங்கிருந்து ஏறக்குறைய 900 கிலோமீட்டர்தான். திரும்ப அடிப்பதாக இருந்தால் மும்பையில் கடற்படைத் தளம், மஸகான் கப்பல் கட்டும் தளம், மாஹுலின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், டிராம்பே அணு உலைகள் என்று வரிசையாக இலக்குகள். டிசம்பர் 16-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்து போர் முடியும்வரை இரவுகள் இருட்டாகவே கழிந்தன. மாட்டுங்கா, சயான், செம்பூர்ப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் எழுபது வயது தாண்டிய யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடியில் பழுப்புக் காகிதம் ஒட்டியது, கார் முகப்பு விளக்கின் மேல் பாதியில் கறுப்பு வண்ணம் பூசியது, கீழே நின்று குடிமைப் பாதுகாப்பு வார்டன் "பத்தி பந்த் கரோ" (விளக்கை அணை) என்று கத்தியது எல்லாம் வரும். அந்தப் போரில் மும்பை மேல் குண்டு விழவில்லை. குஜராத்தில் ஓக்கா துறைமுகத்தில் விழுந்தது. பூஜ் விமானத் தளத்தின் ஓடுபாதையைக் குண்டுகள் குழியாக்கியபோது பக்கத்து மாதாபர் கிராமத்திலிருந்து சுமார் 300 பெண்கள் வந்து மூன்று நாளில் அதைச் சரிசெய்தார்கள். மேலிருந்து பார்த்தால் புது வேலை தெரியாமல் இருக்க ஓடுபாதையில் சாணம் மெழுகினார்கள். பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, விமானம் வரும் சத்தம் கேட்டால் புதருக்குள் ஓடிப் பதுங்கினார்கள். குடிமைப் பாதுகாப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தப் பெண்களைத்தான்.

சங்கு ஒலித்தால்

ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒலித்தால் ஆபத்து வருகிறது. ஒரே சீராக ஒலித்தால் ஆபத்து நீங்கிவிட்டது. இந்த வித்தியாசம் ஒன்றைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், போதும்.

ஆபத்துச் சங்குக்கும் முதல் குண்டுக்கும் நடுவில் சில நிமிடங்கள் இருக்கும். அந்த நிமிடங்களை என்ன செய்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. இதற்கு நம் ஆட்கள் கொடுத்த விலை பெரியது. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மேல் வந்தபோது, அதுவரை விமானத் தாக்குதலைக் கண்டிராத ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரங்கூனில் அப்போது தமிழர்களும் தெலுங்கர்களும் ஏராளம். துறைமுகக் கூலிகளாக, கடைக்காரர்களாக, வட்டித் தொழில் செய்பவர்களாக இருந்தார்கள். அன்று தெருவில் நின்றவர்களை வெடித்த துண்டுகளும் விமானத் துப்பாக்கிகளும் கொத்துக் கொத்தாகச் சாய்த்தன. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை தாண்டி நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். வழியில் பசியிலும் காலராவிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. தஞ்சாவூர், ராமநாதபுரம், செட்டிநாட்டுப் பக்கம் இந்த நடையைப் பற்றிய பேச்சு இல்லாத குடும்பங்கள் குறைவு.

குண்டு நேராகத் தலையில் விழுந்து சாகிறவர்கள் கொஞ்சம்தான். அழுத்தக் காற்று, பறக்கும் கண்ணாடி, இடியும் சுவர், தீ இவைதான் பெரும்பாலோரைக் கொல்கின்றன. இதை மனதில் வைத்தால் எல்லா அறிவுரையும் தானாகப் புரியும். ஜன்னலிலிருந்து விலகுவது கண்ணாடிக்காக. கண்ணாடியில் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டுவது உடையாமல் தடுக்க இல்லை. உடைந்தாலும் துண்டுகள் சிதறிப் பறக்காமல் இருக்க. மேல் மாடியைவிடக் கீழ்த்தளம், வெளிச்சுவரைவிட வீட்டின் நடுவிலுள்ள உள்சுவர் ஓரம் நல்லது. வெளியில் மாட்டிக்கொண்டால் பள்ளத்தில் குப்புறப் படுப்பது, வெடிப்பின் துண்டுகள் தரைக்கு மேலேதான் அதிகம் பறக்கும் என்பதால். பதுங்கு குழியை நேர்கோடாக வெட்டாமல் வளைத்து வெட்டுவது, ஒரு முனையில் வெடித்தால் அழுத்தமும் துண்டுகளும் மறுமுனைவரை போகாமல் இருக்க.

ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் இதைப் படித்தால் இந்தப் பத்தி தேவையே இல்லை என்பார்கள். வீட்டு முற்றத்தில் பங்கர் வெட்டி, மேலே மரக்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கி, விமானச் சத்தத்தை வைத்தே எந்த ரகம் என்று சொல்லும் குழந்தைகள் அங்கே ஒரு தலைமுறையாக வளர்ந்தார்கள். 1995 ஜூலை 9 அன்று நவாலியில், இடம்பெயர்ந்து வந்து தேவாலயத்தில் தங்கியிருந்தவர்கள் மேல் இலங்கை விமானப்படையின் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவர் லண்டனையும் டோக்கியோவையும் மட்டும் சொல்லிவிட்டு நவாலியை விட்டுவிட முடியாது.

பதுங்குமிடம் இருந்தால் மட்டும் போதாது, உள்ளே போகும் வழியும் சரியாக இருக்க வேண்டும். 1943 மார்ச் 3 அன்று லண்டனில் பெத்னல் கிரீன் சுரங்க ரயில் நிலையத்துக்குள் ஜனங்கள் இறங்கும்போது, பழக்கமில்லாத ஒரு பெரும் சத்தம் கேட்டது. அது பிரிட்டனே சோதித்த புதிய விமான எதிர்ப்பு ராக்கெட். இருட்டான படிக்கட்டில் ஒருவர் இடறி விழ, அவர் மேல் அடுத்தடுத்து விழுந்து 173 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அன்று அங்கே ஒரு குண்டும் விழவில்லை. தாதர் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தைத் தினமும் தாண்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஊருக்குள் இருக்கும் போர்முனை

ஆங்கிலத்தில் ஹோம் ஃபிரண்ட் என்பார்கள். சண்டை போடாதவர்களின் வாழ்க்கையும் போரின் ஒரு முனையாக ஆகிவிடுகிறது என்பது இதன் பொருள். குண்டு விழுந்தாலும் விழாவிட்டாலும் சமையலறைக்குள் போர் வந்துவிடும்.

இரண்டாம் உலகப் போரில் பம்பாய் மேல் ஜப்பானியக் குண்டு விழவில்லை. ஆனால் 1942 ஏப்ரலில் நிலைமை பயங்கரமாக இருந்தது. ஏப்ரல் 5-இல் கொழும்பு, 6-இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-இல் திருகோணமலை என்று வரிசையாகத் தாக்குதல். சென்னையிலிருந்து அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. லட்சக்கணக்கானவர்கள் கிடைத்த ரயிலில் ஏறி ஊருக்குக் கிளம்பினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று மிருகக்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த டிசம்பரில் கல்கத்தா மேல் குண்டு விழத் தொடங்கியது.

பம்பாயில் போர் வேறு வழியாக வந்தது. 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர்வரை நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். பர்மா அரிசி நின்றுபோனது, விலை ஏறியது, 1943 மே 2 அன்று பம்பாயில் ரேஷன் தொடங்கியது. நம் அம்மாக்கள் பத்திரமாக டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த ரேஷன் கார்டு இந்தப் போரில் பிறந்தது. அதே ஆண்டு வங்காளத்தில் பஞ்சம் லட்சக்கணக்கில் உயிர்களைக் கொண்டுபோனது. குண்டு விழாத இடத்தில் போர் கொன்றவர்கள் அவர்கள். 1965-இல் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒரு வேளை உணவை விடச் சொன்னபோது திங்கட்கிழமை இரவு அடுப்பு மூட்டாத வீடுகளும் மூடிக்கிடந்த ஓட்டல்களும் இந்த ஊரில் இருந்தன.

1944 ஏப்ரல் 14 தனியாகச் சொல்லப்பட வேண்டிய நாள். விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருளும் அதோடு பஞ்சுப் பொதிகளும் இருந்தன. இந்த இரண்டையும் ஒரே கப்பலில் ஏற்றியதே போர்க்கால அவசரம்தான். மதியம் பஞ்சில் தீப்பிடித்தது. மாலை 4 மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. அரை மணி நேரத்தில் இரண்டாவது வெடிப்பு. சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவியில் அதிர்வு பதிவானது. ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று ஊர் நம்பியது. இறந்தவர்கள் 800 என்றும் 1,300 என்றும் கணக்குகள் வேறுபடுகின்றன. தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 66 பேர் திரும்பவில்லை. ஏப்ரல் 14 தொடங்கி ஒரு வாரம் நாடு முழுக்கத் தீயணைப்பு வாரம் கொண்டாடுவது அவர்கள் நினைவாகத்தான். எதிரி விமானம் ஒன்றுகூட வராமலே ஒரு நகரம் குண்டுவீச்சுக்கு ஆளானது போல ஆனது. தணிக்கை காரணமாக இங்கே உடனே செய்தி வெளிவரவில்லை. அந்த இடத்தை வதந்தி நிரப்பியது. 2025 மே மாதம் வாட்ஸ்அப்பில் சுற்றிய பழைய வீடியோக்களைப் பார்த்தபோது, வதந்தியை ஃபார்வர்ட் செய்யாமல் இருப்பதும் ஒரு குடிமைப் பாதுகாப்புப் பணிதான் என்று எனக்கு உறைத்தது.

மனவுறுதி உடைந்ததா

டூஹே சொன்னது நடந்ததா? இல்லை. லண்டன் 1940 செப்டம்பர் 7 முதல் ஏறக்குறைய இரண்டு மாதம் அநேகமாக ஒவ்வொரு இரவும் அடி வாங்கியது. 1941 மே மாதம்வரை நீடித்த அந்தத் தாக்குதல்களில் பிரிட்டன் முழுக்க 40,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். யாரும் சரணடையச் சொல்லித் தெருவுக்கு வரவில்லை. அதைவிடப் பல மடங்கு குண்டு ஜெர்மனி மேல் விழுந்தது. அங்கேயும் எதிரிப் படைகள் தரைவழியாக உள்ளே வந்த பிறகுதான் போர் முடிந்தது. ஜனங்கள் பயந்தார்கள், தூக்கம் கெட்டார்கள், சலித்தார்கள், திருடவும் செய்தார்கள். மறுநாள் காலையில் வேலைக்கும் போனார்கள். பசியும் வீடிழப்பும் வந்தபோது மனிதர்கள் அரசாங்கத்தைக் கவிழ்க்கும் நிலையில் இருப்பதில்லை. அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு அந்த அரசாங்கத்தையே நம்பி நிற்கிறார்கள். தவறான ஒரு ஊகத்துக்காக லட்சக்கணக்கானவர்களைக் கொன்றார்கள் என்பதே என் கருத்து. குண்டுவீச்சு ஜெர்மனியின் எண்ணெயையும் ரயில் போக்குவரத்தையும் முடக்கியது உண்மை. நகரவாசிகளை எரித்ததால் வந்த பலன் அது இல்லை.

ஒரு நகரம் முழுவதையும் ஒரே இலக்காகக் கருதி அடிப்பதை ஜெனிவா ஒப்பந்தங்களின் 1977 கூடுதல் நெறிமுறை வெளிப்படையாகத் தடைசெய்கிறது. சட்டம் இருக்கிறது என்பதால் குண்டு நின்றுவிடவில்லை. ஆனால் இப்போது அதைக் குற்றம் என்று பெயர் சொல்லிப் பேச முடிகிறது.

அந்தப் பையனுக்குச் சொன்ன பதில்

செயற்கைக்கோள் வழிகாட்டும் ஏவுகணைக்கு நம் பால்கனி விளக்கு தேவையில்லை. அந்த அளவில் அவன் சொன்னது சரி. ஆனால் வானத்தில் வருவதெல்லாம் அந்த ரகம் இல்லை. கேமரா வைத்துப் பார்த்துப் பறக்கும் ட்ரோன்களுக்கு வெளிச்சம் இன்னும் உதவுகிறது. 2025 மே 8 இரவு ஜம்முவிலும் பஞ்சாபிலும் விளக்குகளை உண்மையாகவே அணைத்தார்கள். தர்மசாலாவில் நடந்துகொண்டிருந்த ஐபிஎல் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி மைதானத்தைக் காலி செய்தார்கள். மின்சாரம் நிஜமாகவே துண்டிக்கப்படும் இரவுக்கும் இது பயிற்சி. லிஃப்டில் யார் மாட்டுவார்கள், பம்ப் ஓடாவிட்டால் பத்தாவது மாடிக்குத் தண்ணீர் எப்படி, ஆக்ஸிஜன் கருவி வைத்திருப்பவர் வீட்டில் இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதெல்லாம் விளக்கை அணைத்துப் பார்த்தால்தான் தெரியவரும்.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. நம் ஒத்திகைகள் வாட்ச்மேனும் சொசைட்டி செயலாளரும் இருக்கிற கட்டடங்களை மனதில் வைத்தே பேசுகின்றன. தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் தலைமுறைகளாக வாழும் சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். தகரக் கூரை, மாடிக்கு இரும்பு ஏணி, பக்கத்திலேயே பட்டறை, கேஸ் சிலிண்டர். ஹாம்பர்க்கிலும் டோக்கியோவிலும் தீ எங்கே அதிகம் கொன்றது என்று பார்த்தால், நெருக்கமாக வாழ்ந்த உழைப்பாளிகளின் குடியிருப்புகளில்தான். பாதுகாப்புத் திட்டம் அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும்: எந்தச் சந்து பெரிய தெருவுக்குப் போகிறது, மணல் வாளி எங்கே, எந்தப் பள்ளிக்கூடத்தில் கூடுவது என்று தமிழிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

குடிமைப் பாதுகாப்புக்கு 1968-இல் தனிச் சட்டமே வந்தது. அதன் கீழ் 18 வயது நிறைந்த யாரும் தன்னார்வலராகச் சேரலாம். முதலுதவி, தீயணைப்பு, இடிபாட்டிலிருந்து மீட்பது எல்லாம் கற்றுத் தருகிறார்கள். ஊர்க்காவல் படை என்ற அமைப்பே 1946 டிசம்பரில் பம்பாயில்தான் தொடங்கியது. சேர நேரம் இல்லாதவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யலாம். உங்கள் கட்டடத்தில் அல்லது சந்தில் படியிறங்க முடியாதவர்கள் யார் யார், எந்த வீடு, அவர்களைத் தூக்க எந்த இரண்டு பேர் வருவார்கள் என்று ஒரு தாளில் எழுதி, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள். ஒரு பிரதியைப் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் கொடுங்கள்; வெள்ளம் வந்தாலும் அதே தாள் உதவும்.